சீட்டில்லாமல் உட்கார்ந்தவர்கள்

1974ஆம் ஆண்டு, மார்கழி கழிந்து தை பிறந்திருந்த ஒரு சனிக்கிழமை மாலை, நெய்வேலி நகரியத்தில் அக்காலத்தில் நடந்துவந்த ஒரு சங்கீத சபையின் கச்சேரிக்கு, பதின்மூன்று வயது நிரம்பாத நானும் என் வகுப்புத் தோழன் ஒருவனும் சீட்டு வாங்காமல் உள்ளே போய் உட்கார்ந்தோம். நாற்காலிக்கு ஐந்து ரூபாய், தரைக்கு இரண்டு ரூபாய் என்று வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் இருவர் சட்டைப்பையிலும் சேர்த்து அறுபது காசு இருந்தது. வாசலில் நின்ற காவலாளி என் தகப்பனாரை அறிந்தவர். என்னைப் பார்த்ததும் "போ தம்பி, போய் ஓரமா உட்காரு" என்று தலையசைத்தார். என் பின்னால் ஒட்டிக்கொண்டு அவனும் நுழைந்துவிட்டான். வர்ணம் முடிந்து இரண்டாவது கீர்த்தனை நடந்துகொண்டிருக்கையில், சபையைச் சேர்ந்த ஒருவர் வரிசை வரிசையாகச் சீட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் "நீ பத்தொன்பதாம் வட்டந்தானே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பார்வையைத் திருப்பினார். அவனிடம் "நீ எந்த வட்டம்?" என்றார். அவன் தன் ஊரின் பெயரைச் சொன்னான். அந்த ஊருக்கு வட்ட எண் கிடையாது. தோளைத் தொட்டு எழுப்பி, பக்கவாசல் வழியாக அவனை வெளியே கொண்டுபோய் விட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. மங்களம் பாடுகிற வரைக்கும் உட்கார்ந்து கேட்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அவன் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. "நீயும் காசு குடுக்கல, நானும் காசு குடுக்கல. உன்னை ஏன்டா எழுப்பல?" என்று மட்டும் கேட்டான். அந்தக் கேள்விக்குப் பூரணமான சமாதானம் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் எனக்கு அகப்படவில்லை. அகப்பட்ட அளவை எழுதி வைக்கிறேன்.

காசு கொடாமல் ஒன்றை அனுபவிப்பதற்கு நம் பேச்சில் ஓசி என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில், கம்பெனி அலுவலாகப் போகும் கடிதங்களுக்குத் தபால் கட்டணம் இல்லையாதலால், 'கம்பெனி ஊழியத்தின் பொருட்டு' என்பதைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளை உறையின்மேல் இடுவது வழக்கமென்றும், அவ்விரண்டு எழுத்துகளே நாளடைவில் இந்தச் சொல்லாயின என்றும் பெரியவர்கள் விளக்கம் சொல்வதுண்டு. அந்த விளக்கம் நகரியத்தில் வளர்ந்தவனுடைய காதில் சற்று ஊன்றியே விழும். 1956இல் ஸ்தாபிதமாகி, 1957 மே மாதத்தில் பிரதமர் நேருவின் கையால் சுரங்கப் பணி தொடங்கப்பெற்று, 1961இல் பழுப்பு நிலக்கரியைக் கண்டு, அடுத்த ஆண்டு சோவியத் நாட்டின் ஒத்துழைப்போடு எழுப்பிய அனல்மின் நிலையத்தில் முதன்முதலாக மின்சாரம் உண்டாக்கிய ஒரு நிறுவனம், தன் ஊழியர்களுக்கென்று எண்ணிட்ட வட்டங்களாக வகுத்துக் கட்டிய ஊர் இது. வீடும் விளக்கும் தண்ணீரும், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும், சாலையின் இருமருங்கிலும் நிற்கிற மரங்களின் நிழலும் எங்களுக்கு நிர்வாகத்தின் வழியாகவே வந்தன. அவற்றை நாங்கள் ஓசி என்று ஒருநாளும் நினைத்ததில்லை. சுரங்கத்தின் புழுதியிலும் கொதிகலனின் அனலிலும் எங்கள் பெற்றோர் பட்ட பாட்டுக்குக் கிடைத்த வசதி என்று நினைத்தோம். அவ்வாறு நினைத்ததில் பிசகும் இல்லை. ஆயினும் ஒரே வாசலில் சீட்டில்லாமல் நுழைந்த இருவரில், ஒருவனுடைய செய்கை சலுகையென்றும் மற்றவனுடைய செய்கை ஓசியென்றும் பெயர் பெற்றதே, அந்தப் பெயர்களை வைக்கும் பாத்தியதை யாருக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் என் தோழனுடைய கேள்வியின் உட்கிடை.

இதற்கு எளிய பதில் ஒன்று உண்டு. என் இளமையில் அதுவே எனக்குப் பெரிய தத்துவமாகத் தோன்றிற்று. நியாயம் அநியாயம் என்பவை அந்தந்த இடத்து வழக்கத்தைச் சார்ந்தவையே தவிர, எங்கும் பொதுவான தர்மம் என்று ஒன்று இல்லை என்பதே அந்தப் பதில். அதற்கு வேண்டிய சாட்சியங்கள் எங்கள் நடுநாட்டிலேயே குவிந்து கிடந்தன. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படித்துக் கூத்து நடத்துகிற ஊர்களில், தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, அந்தப் பணத்தில் கூத்துக்காரர்களுக்குச் சம்பளமும் சோறும் பந்தலும் விளக்கும் ஏற்பாடு செய்வார்கள். பக்கத்து ஊரிலிருந்து பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து விடிய விடியப் பார்க்கிறவனிடம் யாரும் காசு கேட்பதில்லை. அவன் வந்து உட்கார்ந்தால் அது கூத்து நடத்துகிற ஊருக்குக் கௌரவம். கலியாண வீட்டில் மொய் எழுதாமல் சாப்பிட்டுப் போகிறவன் உண்டு, அழைப்பே இல்லாமல் வந்தவனும் உண்டு. இலை போட்டு உட்கார்ந்தவனை எழுப்புவது பாவம் என்பதில் ஏழை வீட்டுக்கும் பணக்கார வீட்டுக்கும் அபிப்பிராய பேதமில்லை. திருவையாற்று ஆராதனையில் எத்தனை பெரிய வித்துவான் பாடினாலும் கேட்கிறவனுக்குக் கட்டணம் கிடையாது. அதே வித்துவான் சென்னையில் ஒரு மார்கழி மாலையில் சபையில் பாடும்போது, சீட்டில்லாமல் நுழைந்தால் அது களவு. அரசனும் ஜமீன்தாரும் கோயிலும் கலைஞனைத் தாங்கிய காலம் மறைந்து, பட்டணங்களில் சபைகள் தோன்றி, கேட்கிறவர்களே சிறுகச் சிறுகச் சேர்ந்து அவனைத் தாங்குவது என்ற ஏற்பாடு வந்தபோது, பழைய போஷகர் கொடுத்த மானியம் உடைந்து இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயுமாகச் சில்லறையாயிற்று. சீட்டென்பது அந்தச் சில்லறைதான். ஆக, ஒரே பாட்டை ஒரே வாயிலிருந்து இலவசமாகக் கேட்பது ஓரிடத்தில் பக்தி, இன்னோரிடத்தில் குற்றம்.

பாரசீக மன்னன் தாரயவு, எவ்வளவு பொருள் கொடுத்தால் இறந்த தந்தையின் உடலை உண்பீர்கள் என்று கிரேக்கர்களையும், எவ்வளவு கொடுத்தால் எரிப்பீர்கள் என்று அவ்வாறு உண்ணும் வழக்கமுடைய ஓர் இந்தியக் கூட்டத்தாரையும் கேட்டதாகவும், இரு சாராரும் எந்த விலைக்கும் இணங்காமல் பதறிப்போனதாகவும் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். வழக்கமே உலகை ஆள்கிறது என்பதற்கு அவர் இதை உதாரணமாகக் காட்டினார். கல்லூரிப் பருவத்தில் இதைப் படித்தபோது, அன்றைக்கு நான் எழுந்திராமல் உட்கார்ந்திருந்ததற்கு ஒரு பெரிய ஆதாரம் கிடைத்துவிட்டதாகவே மகிழ்ந்தேன். நகரியத்துக்கு நகரியத்தின் வழக்கம், அவ்வளவுதானே? ஆனால் அந்த மகிழ்ச்சி சீக்கிரம் புளித்துவிட்டது. இவ்வாறு சொல்வதால் லாபமடைந்தவன் யார் என்று பார்த்தால் உள்ளே உட்கார்ந்திருந்தவன்தான்; வெளியே தள்ளப்பட்டவனுக்கு இந்தத் தத்துவம் ஒரு பிடி ஆறுதலும் தரவில்லை.

எங்கள் ஜில்லாவிலேயே இதைவிட ஆழமாக இந்த விஷயத்தை யோசித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூர் முற்காலத்தில் பாடலிபுத்திரம் என்ற பெயரோடு சமணர்களின் பெரிய கல்விநிலையமாக விளங்கிற்று. கி.பி. 458இல் லோகவிபாகம் என்ற நூல் அங்கே உருவாயிற்று; திருநாவுக்கரசர் தருமசேனர் என்னும் பெயருடன் அந்தச் சமணர்களுக்கு ஆசாரியராய் இருந்தார் என்று பெரியபுராணம் கூறும். சமணர்களின் அநேகாந்தவாதம், பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டு, ஒரு பக்கத்தில் நின்று பார்த்தவன் முழுவதையும் பார்த்துவிட்டதாகச் சாதிக்கக் கூடாது என்று சொல்கிறது. பொருளே இல்லை என்று அது ஒருபோதும் சொன்னதில்லை. பக்கங்கள் பல என்றால், நான் நின்ற பக்கத்தை விட்டு நகர்ந்துபோய் மற்றப் பக்கங்களையும் பார்த்துவர வேண்டிய கடமை எனக்கு உண்டென்று ஆகிறது. நான் பல ஆண்டுகள் நகராமல் இருந்தேன்.

நகர்ந்து பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது, சற்றுமுன் சொன்ன கூத்து வரிதான். வரி கொடுக்கிறவன் அதனால் ஊரில் ஒரு தலைக்கட்டாக எண்ணப்படுகிறான். சாமி ஊர்வலம் அவன் வாசலில் நிற்கும். தேர்வடத்தில் அவன் கை படலாம். கூட்டத்தில் அவன் பேச்சு எடுபடும். இந்தக் காரணத்தினாலேயே, தலித் குடும்பங்கள் தங்கள் பங்கு வரியை எடுத்துக்கொண்டு வந்தாலும் அதை வாங்க மறுக்கிற ஊர்கள் உண்டு. வாங்கிவிட்டால் தேர் அவர்கள் தெருவுக்கு வர வேண்டியிருக்கும். பணம் கொடாமல் பார்க்கிறவனைப் பற்றி நாம் இவ்வளவு பேசுகிறோமே, பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குவாரின்றி நின்றவனைப் பற்றி எந்த நீதிநூல் பேசிற்று? அவன் தூரத்தில் இருட்டில் நின்று கூத்தைப் பார்த்தால், அவனையும் ஓசியில் பார்த்தவன் கணக்கில் எழுதுவதா?

நந்தனாரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சிதம்பரத்துக்குப் போக ஏங்கியதையும் திருப்புன்கூரில் நந்தி விலகியதையும் எல்லோரும் அறிவோம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனைகள் அதை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்துவிட்டன. ஆனால் சேக்கிழார் சொல்கிற ஒரு சிறு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கோயில்களின் பேரிகைக்கு வேண்டிய தோலும், வாரும், யாழுக்கும் வீணைக்கும் வேண்டிய நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்துவந்தவர் அவர். உள்ளே எழுந்த ஒவ்வொரு முழக்கத்துக்கும் வெளியே நின்ற அந்த மனிதர் தம் பங்கைச் செலுத்தியிருந்தார். உள்ளே நின்று செவிகுளிரக் கேட்டவர்களுள் எத்தனை பேர் அவ்வளவு செலுத்தியிருப்பார்கள்? இது பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. மிருதங்கம் செய்கிற குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை எழுதினார். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்து போன்ற கைவினைஞர்கள், தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, வார்பிடித்து, நாதம் வருகிற வரைக்கும் இரவு பகலாக உழைத்தவர்கள். சங்கீத உலகம் மேடையில் வாசித்தவரின் பெயரை வைத்துக்கொண்டு இவர்கள் பெயரை மறந்தது. 1974இல் நான் உட்கார்ந்து கேட்ட தனியாவர்த்தனத்துக்கும் அப்படி ஒருவர் எங்கேயோ இருந்திருப்பார் அல்லவா?

இனி நிலத்துக்கு வருகிறேன். வராமல் என் தோழனைப் பற்றிப் பேசியதாக ஆகாது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டதிலிருந்து நெய்வேலியின் கதையைத் தொடங்குவது மரபு. கதையின் மற்றொரு தொடக்கம் முந்திரித் தோப்புகளிலும், பலாமரத்தடிகளிலும், மானாவாரிக் கடலைக் காடுகளிலும் இருக்கிறது. நிலக்கரிப் படுகையின் அடியில் ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருப்பதால், அதை இராப்பகலாக இறைத்து வெளியேற்றிக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை வெடிக்காமல் நிற்கும். மேலே கிடக்கும் மண்ணைப் பல மடங்கு வாரிக் கொட்டினால்தான் கரி கிட்டும். அந்த மண்ணின்மேல் வாழ்ந்தவர்கள் இடம்பெயர்ந்தார்கள். நஷ்டஈடு போதவில்லை என்பதும், நிலம் கொடுத்த வீட்டுக்கு நிரந்தர வேலை வேண்டும் என்பதும், கிணறுகள் வற்றிவிட்டன என்பதும் தலைமுறைகளாக எழுகிற குரல்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில், கையகப்படுத்திய நிலத்தில் வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய்க்கு வழி திறந்ததை நாடு முழுவதும் படங்களில் பார்த்தது. பயிர் நிற்கும் நிலத்தில் இயந்திரத்தை இறக்கியதைச் சட்டத்தின் கணக்கு எவ்வாறு எழுதினாலும் என்னால் சரியென்று ஒப்ப முடியாது. அந்தப் படங்களைப் பார்த்த இரவு எனக்கு என் தோழனின் பாட்டி நினைவுக்கு வந்தாள். இழந்த தோப்பில் எத்தனை முந்திரி மரங்கள் நின்றன என்பதை ஒவ்வொன்றாகத் திசை சொல்லி எண்ணுவாள்.

எங்களுக்கு இருபத்தைந்து வயதான காலத்தில், அவன் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாகவும் நான் வெளியூரில் ஆசிரியனாகவும் இருந்தபோது, ஒரு விடுமுறை நாளில் ஆர்ச் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் அந்தப் பழைய விஷயம் மறுபடியும் வந்தது. "அந்த மண்டபம் நிக்கறதே எங்க நெலத்துல. எனக்கு என்னய்யா சீட்டு?" என்றான் அவன். அது நியாயமாகவே எனக்கும் பட்டது. ஆனால் அதோடு பூரணமாக ஒத்துப்போகவும் முடியவில்லை. அன்றைக்குப் பாடியவர் கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர். பிடில்காரரும் மிருதங்கக்காரரும் அவரோடு வந்தவர்கள். அவர்களுக்குப் போக வேண்டிய சம்பாவனை அந்த இரண்டு ரூபாய்களிலிருந்துதான் சேரும். அவர்கள் யாருடைய நிலத்தையும் எடுத்தவர்கள் அல்லர். ஒருவர் பட்ட கடனை இன்னொருவர் தட்டிலிருந்து எடுத்துக்கொள்வது எப்படித் தீர்வாகும் என்று கேட்டேன். அவன் நெடுநேரம் டீக் கிளாசைச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, அப்ப எனக்குக் கடன்பட்டவன் யாருன்னு பேரச் சொல்லு. அவன் வீட்டுத் திண்ணையில போயி உட்கார்றேன்" என்றான். என்னால் ஒரு பெயரும் சொல்ல முடியவில்லை. கடன் மின்கம்பிகளின் வழியாக நாடெங்கும் போய்விட்டிருந்தது. விளக்கெரித்த ஒவ்வொரு வீட்டிலும் அதில் ஒரு துளி இருந்தது, எங்கள் வீட்டில் சற்று அதிகமாகவே இருந்தது.

நகரியத்திலிருந்து அதிக தூரம் போக வேண்டாம். வடலூர் பக்கத்திலேயே இருக்கிறது. பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலத்தை இராமலிங்க சுவாமிகளுக்குக் கொடுத்தார்கள். 1867 மே மாதம் 23ஆம் தேதி அங்கே தருமசாலை தொடங்கிற்று. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. யார் என்ன சாதி, எந்த ஊர், எதற்கு வந்தாய் என்ற கேள்வி அங்கே கிடையாது. இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். நான் முதிர்ந்த வயதில்தான் கவனித்த மற்றொன்றும் உண்டு. 1872இல் அவர் எழுப்பிய சத்திய ஞான சபைக்குள் புகுவதற்கு ஒரு நிபந்தனை விதித்தார்: உயிர்க்கொலையையும் புலால் உணவையும் விட்டவர்களே உள்ளே வரலாம். சோற்றுக்கு நிபந்தனையே இல்லை, ஜோதிக்கு உண்டு. ஒரே மகான், ஒரே வெளியில், ஒரு வாசலை முழுக்கத் திறந்து வைத்து மற்றொரு வாசலில் விரதத்தைக் கேட்கிறார். இதைக் கண்டு, அவருக்கு இரண்டு தர்மங்கள் என்று சொல்லத் துணிவோமா? பசித்தவனிடம் எதுவும் கேட்கக் கூடாது என்பதும், ஆனந்தத்தை நாடி வருகிறவன் தன்னிடமிருந்து ஏதாவது ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்பதும் ஒரே கருணையின் இரண்டு செயல்கள். அந்த விரதத்தைப் பணத்தால் செலுத்த இயலாது; ஆகவே ஏழை என்பதற்காக யாரையும் அது வெளியே நிறுத்தாது. சபைச் சீட்டுக்கு அந்தக் குணம் இல்லை. அதனால் சீட்டு விற்கிறவர்களுக்கு, இரண்டு ரூபாய் இல்லாத பிள்ளைகளுக்கென்று ஒரு மூலையில் பாய் விரித்து வைக்கும் கடமை உண்டென்று நான் உறுதியாகக் கருதுகிறேன். 1998 முதல் நகரியத்தில் நடந்த புத்தகக் கண்காட்சிகளில், புத்தகம் வாங்க வழியில்லாமல் கடை கடையாக நின்று அட்டைகளை மட்டும் தடவிப் பார்த்துச் சென்ற பிள்ளைகளைக் காணும்போதெல்லாம் இது எனக்குத் தோன்றியிருக்கிறது.

என் கணக்கை நான் எப்படி எழுதுவது? என் தோழன் செய்தது தவறென்றால் அது வறுமையின் தவறு; கேட்டபோது தன் ஊரை மறைக்காமல் சொன்னான். நான் வட்டத்தின் எண்ணுக்குள் ஒளிந்துகொண்டேன். காசு கொடாதது சிறிய குற்றம். அவனை எழுப்பியபோது, எனக்கும் சீட்டில்லை என்ற உண்மையை வாயில் வைத்துக்கொண்டு மௌனமாக இருந்ததே என்னைத் தைக்கிறது. எந்த ஊர் வழக்கத்தை எடுத்து அளந்தாலும், கூத்து நடக்கும் ஊரின் வழக்கமோ, கலியாணப் பந்தியின் வழக்கமோ, சபையின் வழக்கமோ, அந்த மௌனத்துக்கு அனுமதி கொடுக்கிற வழக்கம் ஒன்றை நான் இன்றுவரை கண்டதில்லை. தேடாமலும் இல்லை.

சென்ற தைப்பூசத்துக்கு நாங்கள் இருவரும் வடலூர் போனோம். இருவருக்கும் அறுபது கடந்துவிட்டது. அவனுக்கு முழங்கால் வலி, எனக்குக் கண்ணில் புரை. தருமசாலையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கூட்டத்துக்கு ஒதுங்கிப் பெருவெளியின் ஓரத்தில் துண்டை விரித்தோம். அன்றைய இரண்டு ரூபாயை நான் யாரிடமாவது செலுத்த விரும்புவதாகச் சொன்னேன். அந்தச் சபை கலைந்து வெகுகாலம் ஆயிற்று, பாடியவரும் இல்லை. "எங்கிட்ட குடுக்காத" என்றான் அவன் உடனே. பிறகு, இத்தனை ஆண்டுகளில் ஒருபோதும் சொல்லாத ஒன்றைச் சொன்னான். அன்றைக்கு அவன் வீட்டுக்குப் போகவில்லையாம். பக்கவாசலுக்கு வெளியே கடைசி வரைக்கும் இருந்தானாம்.

"முழுசுமா கேட்ட?" என்றேன்.

"முழுசும். தனி வாசிச்சது உள்ளே எப்படியோ, வெளியே நல்லாக் கேட்டுது."

"எங்கே உட்கார்ந்திருந்தே?"

"பனி பேஞ்சு தரையெல்லாம் ஈரம். நின்னுக்கிட்டேதான்" என்றான்.